நலமுடன் ஓய்வு பெற்றது

தென்னூர், திருச்சி
8.9.1985

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இன்று மாதா பிறந்தநாள். காலைப் பூசையில் உனக்கென்று தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நானும் தாத்தாவும் சுகம். மஸ்கட்டில் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா? நைட் ஷிப்ட் முடிந்து வந்து வெறும் வயிற்றில் படுத்துவிடாதே. அந்த ஊரில் பேரீச்சம்பழத்துக்கா பஞ்சம், இரண்டையாவது வாயில் போட்டுக்கொண்டு படு.

தாத்தாவுக்குக் கண்புரை முற்றிக்கொண்டு வருகிறது. மழை கழிந்து தை மாதம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ் நம்பர், கடை போர்டு, இந்த மாதிரிப் பெரிய எழுத்துகள்தான் தெரிகின்றன. உன் கடிதங்களை நான்தான் சத்தமாகப் படிக்கிறேன். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் நாற்பது வருஷம் சம்மட்டிச் சத்தம் கேட்ட காது அல்லவா, மெதுவாகப் படித்தால் ஏறாது. அதனால் எதிர்வீட்டு சாரா பீவிக்கும் உன் ஆஸ்பத்திரிச் சமாசாரமெல்லாம் அத்துப்படி. உன் வார்டில் தகராறு செய்த அந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று நேற்றுகூடக் கேட்டார்.

இனி, எழுதப் பிடிக்காத விஷயம். மன்னார்புரத்தில் ஒரு விமானம் வந்து கிடக்கிறது. உன் அப்பா ஓட்டிய அதே ரகம், சீ ஹாக். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடற்படை அந்த ரகம் முழுவதற்கும் ஓய்வு கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். அன்றைக்குப் பேப்பரில் அதற்கு அரைப் பக்கம் புகழ் பாடியிருந்தார்கள், நான் அந்தப் பக்கத்தில் மீன் முள்ளை மடித்துப் போட்டேன். கோவாவில் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஒன்றை இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் குழு அமைத்துக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றி வந்து, ரோட்டோரப் பூங்காவில் இறக்கியிருக்கிறார்கள். நினைவுச் சின்னமாம்.

குழுவின் தலைவர் செல்லக்கண்ணு, முசிறியில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். செயலாளர் வேறு யாருமில்லை, ஸ்ரீரங்கம் ரெங்கராஜ். கோவாவில் அப்பாவின் ஸ்குவாட்ரனில் மெக்கானிக்காக இருந்தாரே, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரையில் ஓடுவாரே, அவர்தான். அவராவது வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறக்கைகளை மடித்து, மல்லாந்த மூக்கோடு நிற்கிறது. எஞ்சினைக் கழற்றிவிட்டார்களாம், உள்ளே வெறும் கூடு. வாலில் மூலப் பவுத்திர வைத்தியசாலை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. சக்கரத்தில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். மறுபக்கம் ஒருவன் திரும்பி நின்று என்ன செய்துகொண்டிருந்தான் என்று எழுத வேண்டியதில்லை. நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தச் சனியனுக்கு அது போதாது என்றுதான் தோன்றியது.

வியாழக்கிழமை குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். திறப்பு விழாவுக்கு நான் தலைமை தாங்க வேண்டுமாம், லெப்டினன்ட் தைரியராஜின் மனைவி என்ற முறையில். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். உள்ளே கட்டிலில் கிடந்த தாத்தா, நாங்க வர்றோங்க, மருமகளையும் கூட்டிக்கிட்டு வர்றேன் என்று குரல் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பேச்சை எடுக்காத மனிதர். நான் வந்தவர்களுக்குக் காபி போடப் போய்விட்டேன்.

சளி பிடித்தால் அலட்சியமாக இருக்காதே. மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா லூர்துராணி


தென்னூர், திருச்சி
30.9.1985

அன்புள்ள பேட்ரிசியா,

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. சாரா பீவி அப்படியெல்லாம் இல்லை என்கிறார், அவருக்கு என்ன தெரியும், பெற்றவள் நானா அவரா?

காலாண்டுப் பரீட்சைத் தாள் ஒரு கட்டு மேசையில் கிடக்கிறது. திருத்த உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். விழா போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நடந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், எனக்கு வரவில்லை.

ஆபீசில் ஹெட் கிளார்க் ரிட்டயர் ஆனால் பிரிவு உபசார விழா நடத்துவார்களே, அச்சு அசலாக அதே விழாவை அந்த விமானத்துக்கு நடத்தினார்கள். மூக்கில் ரோஜா மாலை. மாலைக்கு மேல் சரிகை போட்ட பொன்னாடை. காற்றில் அது நழுவி நழுவி விழ, ஒரு பையனை ஏணியில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பக்க இறக்கை விரியவில்லையாம், அதை இழுத்து நீட்டிச் சவுக்குக் கம்பால் முட்டுக்கொடுத்து, கம்புக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். செல்லக்கண்ணு மைக்கைப் பிடித்து, இன்று பணி ஓய்வு பெறும் அன்னார் இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்தவர் என்று பேசினார். அன்னாராம்! அன்னாரின் ஓய்வுக்காலம் திருச்சி மக்கள் மத்தியில் அமைதியாகக் கழிய வேண்டுமாம். ஜனங்கள் கை தட்டினார்கள். மிக்சரும் லட்டும் கொடுத்தார்கள். உன் அப்பாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட முடியவில்லை, அவருக்கு யார் பிரிவு உபசாரம் நடத்தியது?

பிறகு மூக்கருகே தொங்கிய துணியை என்னை விலக்கச் சொன்னார்கள். விலக்கினேன். கறுப்புப் பெயின்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது, 26 என்று.

உனக்குத் தெரியாததா அந்த எண்? அந்தக் காலையில் அப்பா ஏறியது இருபத்தாறில்தான். அது கடலில் விழுந்தது. கொஞ்சம் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தோம் என்றார்களே தவிர, ஒரு ஆணிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் அப்பா பெயரில் இருப்பது வெறும் கல், அடியில் ஒன்றுமில்லை. கடலுக்கு அடியில் கிடக்கிற அந்த நாசமாய்ப் போன இருபத்தாறு, மன்னார்புரத்தில் மாலை போட்டுக்கொண்டு என் முன்னால் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பளிங்குக் கல். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: ‘எண் 26. 1960 முதல் 1983 வரை நாட்டுக்கு உழைத்து நலமுடன் ஓய்வு பெற்றது. நமதூர் வீரர் லெப்டினன்ட் தைரியராஜ் ஓட்டிய விமானம்.’

நலமுடன்! மேடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அடுத்த நாள் ஸ்டாப் ரூமில் ரோசரி டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏன் டீச்சர், பிளேன் பத்திரமா வந்து ரிட்டயர்டு ஆயிருக்கே, அப்ப சார் எப்படித் தவறினாங்க என்று கேட்டாள். கோவாவில் வேறு குடும்பம் ஏதாவது உண்டா என்பதையும் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டாள். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தேன். இவளோடு பதினோரு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். தாத்தாவை என்ன செய்வது?

விழாவிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்மலையில் ஒரு எஞ்சினைக் கழித்துவிட்டால் அதோடு அந்த நம்பரையும் கழித்துவிடுவார்களாம். செத்த எஞ்சின் நம்பரை இன்னொரு எஞ்சினில் எழுதினால் எழுதினவனுக்கு வேலை போய்விடுமாம். நம்பர் பொய் சொல்லாதும்மா என்றார். வண்டி வந்திருச்சு, அப்ப அது கடல்ல விழலை, அப்ப பையன் எங்க? இதே மூன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கேயோ தப்பி இறங்கியிருக்கிறானாம். பாகிஸ்தான்காரன் பிடித்து வைத்திருக்கிறானாம். வண்டியைத் திருப்பிக் கொடுத்தவன் ஆளையும் கொடுத்துத்தானே ஆக வேண்டுமாம். ரெங்கராஜ் வேறு எண்ணை அழித்துவிட்டு இதை எழுதியிருப்பார் மாமா என்றேன். அவரும் நேவியில இருந்தவர்தானே, அந்த ஈனக் காரியத்தை அவர் எதுக்குச் செய்யப் போறாரு என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்போது தினமும் காலையில் குடையை எடுத்துக்கொண்டு மன்னார்புரம் போகிறார். அதன் அடியில் உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் சாப்பிட வருகிறார். கோயில் சாமியாரிடம் போய், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்கள் பெயர் வாசிக்கும்போது தைரியராஜ் பெயரை வாசிக்க வேண்டாம், உயிரோடு இருப்பவனுக்கு அந்தப் பூசை ஆகாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரை வாசிக்கும்போது எழுந்து நிற்கிறேன். இந்த வருஷம் நான் எங்கே நிற்க?

இன்னொன்று. வரும்போது இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வருகிறார். என்னிடம் கொடுப்பதில்லை. மேசையில் வைத்துவிட்டு, பூ வைக்காத என் தலையைப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறார். நான் எடுத்து மாதா படத்துக்குப் போட்டுவிடுகிறேன்.

அந்த எண்ணை எவன் எடுத்துக் கொடுத்தானோ அவன் வாயில் மண் விழட்டும். வேறென்ன சொல்ல? கடவுள் என் வாயை மன்னிக்கட்டும், உன்னைப் பத்திரமாக வைக்கட்டும்.

அம்மா


தென்னூர், திருச்சி
13.10.1985

என் கண்ணு பேட்ரிசியா,

போன கடிதம் கிடைத்திருந்தால் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அந்தச் சாபம் உனக்கில்லை. எழுதும்போது எனக்குத் தெரியாது.

போன வாரம் ஸ்ரீரங்கம் போனேன். காவிரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. பாலத்தில் பஸ் நின்றபோது ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. ரெங்கராஜிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். அந்தக் காலையில் அதே ஓடுதளத்தில் நின்றவர் நீங்கள், சாயங்காலம் வரை வானத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியவர் நீங்கள், இருபத்தாறு திரும்பவில்லை என்று உங்கள் வாயால்தானே எனக்குச் சொன்னீர்கள், அந்த வாயோடு எப்படி இதைச் செய்ய மனம் வந்தது என்று கேட்டேன். அவர் மனைவி ரெங்கம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். தொடவில்லை.

மனிதர் தலை நிமிரவே இல்லை. பாப்பாதான் கேட்டுச்சு அண்ணி என்றார்.

அப்பாவின் போட்டோ ஒன்று வேண்டும் என்று அவர் உனக்கு எழுதியிருக்கிறார். நீ போட்டோவோடு, எங்கள் அப்பாவின் எண்ணையே எழுதுங்கள் மாமா, அம்மாவுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், பார்த்ததும் சந்தோஷப்படுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதன் சொந்த எண் வேறாம். சின்ன வயசுல தோள்ல தூக்கின புள்ள, அது ஆசையா கேட்டதை எப்படி மறுக்கிறது என்றார். கல்லில் என்ன எழுதுவது என்பதைச் செல்லக்கண்ணு தீர்மானித்தாராம். ஓய்வு பெற்ற எல்லாவற்றுக்கும் நலமுடன் என்று போடுவதுதான் வழக்கமாம்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். கேட்டதும் ஒரு நிமிஷம் உன் மேலும் எனக்கு அருவருப்பு வந்தது. என் வயிற்றில் பிறந்தவளுக்கு இது எப்படித் தோன்றியது என்று இருந்தது. எப்படி எழுந்தேன், எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கும்போதுதான் கோவா குவார்ட்டர்ஸ் மொட்டை மாடி ஞாபகம் வந்தது. விமானங்கள் வரிசையாகத் திரும்பி வரும்போது நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்து எம்பி எம்பிக் குதிப்பாய். மற்ற எண் எதையும் நீ சட்டை செய்ததில்லை. இருபத்தாறு வந்தால் மட்டும், அம்மா வந்துடுச்சு, சோறு போடு என்று கத்திக்கொண்டு படி இறங்குவாய். அது வராமல் போன அன்று உனக்குப் பத்து வயது. நீ மாடியை விட்டு இறங்க மாட்டேன் என்றாய், இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். இந்த ஊரில் யாருக்கும் தோன்றாதது உனக்கு ஏன் தோன்றியது என்று அப்புறம் நான் யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

உன் மேல் வந்தது போய்விட்டது. அந்த இரும்பின் மேல் வந்தது போகாது. ஆட்களைக் கொன்றுவிட்டு நாள் முடிந்ததும் மாலை வாங்கிக்கொள்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. பரிமாறுகிறவன் கையில் அழுக்கு இருப்பதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள் மாதிரி இருக்கிறேன். செல்லக்கண்ணு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழுவி விடப் போகிறாராம். கழுவட்டும்.

ரெங்கராஜ் நாளைக்கே ஆள் விட்டு எண்ணை அழித்துவிடுகிறேன் என்றார். அவசரப்பட்டு அழிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். திடீரென்று ஒரு நாள் எண் இல்லாமல் போனால் தாத்தா என்ன நினைப்பார்? சர்க்கார் ஆதாரத்தை அழித்துவிட்டது என்பார். அதன் பிறகு சாகிற வரைக்கும் அந்தப் பிடியை விட மாட்டார். ரெங்கராஜே நேரில் வந்து சொல்கிறேன் என்றார், வந்தார், சொன்னார். தாத்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்களை யாரோ மிரட்டிச் சொல்லச் சொல்றாங்க தம்பி என்று அவர் முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த மனிதர் தெருமுனையில் நின்று அழுததைச் சாரா பீவி பார்த்திருக்கிறார்.

அதனால் நீதான் எழுத வேண்டும். உன் வார்த்தையை மட்டும்தான் தாத்தா நம்புவார். பிறந்ததிலிருந்து நீ அவரிடம் ஒரு பொய் சொன்னதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர். எண் எழுதச் சொன்னது நான்தான் தாத்தா, அது வெறும் பெயின்ட், அந்த விமானம் வேறு, இருபத்தாறு அன்றைக்கே கடலுக்குள் போய்விட்டது என்று எழுது. மாதக் கடைசிக்குள் சாமியாரிடம் பெயர்கள் கொடுக்க வேண்டும். இதைப் பார்த்த அன்றே எழுதித் தபாலில் போட்டுவிடு. உன் கடிதம் வந்த மறுநாள் எண்ணை அழிக்கச் சொல்லியிருக்கிறேன். கல்லையும் எடுக்கச் சொன்னேன், பார்க்கலாம் என்றார்கள். எடுக்காவிட்டால் நானே கடப்பாரையோடு போவேன்.

நீ எழுதப்போவது தாத்தாவின் நெஞ்சில் இரண்டாம் தடவை குத்துவது என்று எனக்குத் தெரியும். உன்னைச் செய்யச் சொல்கிறேனே என்று என்னைக் கோபித்துக்கொள். என்னால் முடிந்திருந்தால் நானே செய்திருப்பேன். முந்தாநாள் மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை, சாயங்காலம் கூட்டி வர மன்னார்புரம் போனேன். அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருந்தார். அதற்குள் நான் விழாவுக்குப் போட்ட ஏணிப் பக்கம் போய், மேலே ஏறி விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே சீட்டுகூட இல்லை.

இன்றைக்கும் பூ வாங்கி வந்து வைத்திருக்கிறார். மாதா படத்துக்குப் போட எடுத்தேன், இன்னும் போடவில்லை. மேசையில் என் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் எழுது, மகளே. தாத்தா வருத்தப்படுவாரே என்று எதையும் மழுப்பாதே. அப்பா வர மாட்டார் என்ற வார்த்தையை அப்படியே போடு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. சத்தமாகப் படிக்க வேண்டியவள் நான். நன்றாகக் கேட்க வேண்டியவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.

ஆண்டவர் உன் கையைப் பிடித்து எழுத வைக்கட்டும்.

உன் அம்மா,
லூர்துராணி